சிபாப் கருவி வாங்கப் பாலிசியா, கைக்காசா? தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஓர் ஒப்பீடு

குறட்டை விடுகிறவரை நம் ஊரில் யாரும் நோயாளியாகப் பார்ப்பதில்லை. "அசந்து தூங்கறார், விடு" என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் தூக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்து, மூச்சு போகும் வழி அடைபட்டு, மணிக்கு 5 முறைக்கு மேல் மூச்சு தடைபட்டால் அது ஸ்லீப் ஆப்னியா. 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். ராத்திரி முழுக்க மூளை அரைகுறையாக விழித்துக்கொண்டே இருப்பதால் பகலில் கண் சொருகும். 44-ஆம் தேசிய நெடுஞ்சாலையில் ஓசூரிலிருந்து தொப்பூர் கணவாய் வரை இரவும் பகலும் வண்டி ஓட்டிப் பிழைக்கிறவர்கள் இங்கே எத்தனை பேர்! அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நடுத்தரம், தீவிரம் என்று முடிவு வந்தால் மருத்துவர் பெரும்பாலும் சிபாப் கருவியைத்தான் சொல்வார். முகத்தில் மாஸ்க், அதில் சீரான அழுத்தத்தில் காற்று. கருவிக்கும் மாஸ்குக்கும் சேர்த்து ஏறத்தாழ 35,000 முதல் 75,000 ரூபாய் வரை ஆகும். உடனே எழும் கேள்வி, "இன்சூரன்ஸ் இருக்கே, தருவாங்களா?"

இணையத்தில் தேடினால் வருவது பெரும்பாலும் அமெரிக்கக் கதை. அங்கே முதியோருக்கான மெடிகேர் என்ற அரசுத் திட்டம் கருவி வாடகையில் 80 சதவீதத்தைக் கட்டும், 13 மாதம் தொடர்ந்து பயன்படுத்தினால் கருவி நோயாளிக்கே சொந்தம். அதைப் படித்துவிட்டு இங்கே கிளெய்ம் படிவம் நிரப்பினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

நம் நாட்டுத் தனியார் பாலிசியின் அடித்தளமே மருத்துவமனைப் படுக்கை. அங்கே சேர்ந்து சிகிச்சை எடுத்தால் பணம் உண்டு, வீட்டுக்கு வாங்கிப் போகும் கருவிக்குச் சாதாரண பாலிசியில் இல்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்த பட்டியலில் சிபாப், பைபாப் (மூச்சை இழுக்க ஓர் அழுத்தம், விட வேறு அழுத்தம் தரும் கருவி) இரண்டும் சிகிச்சைச் செலவுக்குள்ளேயே அடங்கும் பொருட்கள். அதாவது ஐசியுவில் உங்களுக்கு பைபாப் போட்டால் அது சிகிச்சைக் கட்டணத்தோடு போய்விடும், தனியாக பில் போட முடியாது. வீட்டு உபயோகத்துக்கு வாங்கிய பில்லை நீட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

தூக்கப் பரிசோதனையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பாலக்கோடு மண்டியிலிருந்து தக்காளி லோடு ஓட்டும் என் சித்தப்பா ஒரு தனியார் மருத்துவமனையில் ஒரு ராத்திரி தங்கிப் பரிசோதனை செய்துகொண்டார். கிளெய்ம் மறுக்கப்பட்டது. பரிசோதனைக்காக மட்டும் சேர்ந்தால் பணம் கிடையாது என்பது பெரும்பாலான பாலிசிகளில் உள்ள பொது விலக்கு. மருத்துவமனை முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று எனக்கு இன்றும் ஆற்றாமை உண்டு. வீட்டிலேயே சிறு கருவியைக் கட்டிக்கொண்டு படுக்கும் பரிசோதனை இதைவிட மலிவு. வேறு சிக்கல் இல்லாதவருக்கு அதுவே போதுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

அப்படியானால் பாலிசி வீணா? அதுவும் சரியில்லை. உடல் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை பொதுவாக பாலிசியில் வராது. ஆனால் 18 வயது நிரம்பியவருக்கு பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் எண்) 35 அல்லது அதற்கு மேல் இருந்து, கூடவே தீவிர ஸ்லீப் ஆப்னியாவும் இருந்து, மற்ற வழிகளில் எடை குறையாமல் போயிருந்தால், அந்த விலக்கு பொருந்தாது. லட்சக்கணக்கில் ஆகும் அறுவைக்குக் கதவு திறக்கும் இடம் இது. சில நிறுவனங்கள் வீட்டு மருத்துவக் கருவிகளுக்கென்று ரைடரும், அதாவது பாலிசியோடு கூடுதல் பிரீமியத்தில் சேர்க்கும் இணைப்பும், விற்கின்றன. அதில் 'சிபாப்' என்ற சொல் அச்சில் இருக்கிறதா, உச்சவரம்பு எவ்வளவு, காத்திருப்பு எத்தனை மாதம் என்று பாலிசி வாசகத்திலேயே பார்க்க வேண்டும். ஏஜென்ட் வாய்மொழியாகச் சொல்வது கிளெய்ம் நாளில் நிற்காது.

நோய் தெரிந்த பிறகு பாலிசி எடுப்பவர்கள் படிவத்தில் அதை மறைக்கவே கூடாது. 2024 ஏப்ரலுக்குப் பிறகு, முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் 36 மாதம். மூன்று வருடம் காத்திருந்து, பிரீமியமும் கட்டி, ரைடர் வழியாக ஐம்பதாயிரம் ரூபாய்க் கருவியைப் பெறுவது யாருக்கும் கட்டாது. அந்த மூன்று வருடமும் சிகிச்சை இல்லாமல் தூங்குவது ஆபத்தும்கூட.

அரசுத் திட்டங்களில் நிலைமை ஆளுக்கு ஆள் மாறும். மத்திய அரசு ஊழியர், ஓய்வூதியர்களுக்கான சிஜிஎச்எஸ், முன்னாள் ராணுவத்தினருக்கான ஈசிஎச்எஸ் இரண்டிலும் சிபாப் கருவிக்கு உச்சவரம்போடு பணம் உண்டு. தூக்கப் பரிசோதனை அறிக்கையும் நிபுணர் பரிந்துரையும் வேண்டும், வாங்கும் முன்பே அனுமதி பெற வேண்டும். இந்த அட்டை வைத்திருந்தும் கைக்காசில் வாங்குகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். கருவி வேண்டியிருப்பது ராணுவத்தில் இருந்த அப்பாவுக்கு என்றால் முதலில் அந்த அட்டையைத் தேடி எடுங்கள்.

ஓசூர் கம்பெனிகளில் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு ஈஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீடு உண்டு. தனியார் பாலிசி போலன்றி இதில் வெளிநோயாளி சிகிச்சையும் அடக்கம். கருவியைக் கடையில் வாங்கிவிட்டு அப்புறம் பில்லோடு போகாமல், ஈஎஸ்ஐ மருத்துவரிடமே தொடங்கி, மேல்சிகிச்சைப் பரிந்துரையோடு எழுத்தில் கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை தருகிறது. ஆனால் அதன் அமைப்பு மருத்துவமனைச் சிகிச்சைக்கானது, வீட்டுக் கருவிக்கு அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மருத்துவரைப் பார்ப்பதற்குச் செலவில்லை, அந்த அளவுக்காவது மிச்சம் பிடிக்கலாம்.

மீதிப் பேருக்குக் கைக்காசுதான். அதில் வாடகையா, சொந்தமா என்பதே உண்மையான போட்டி. வாடகை மாதம் 4,000 ரூபாய் என்றால் ஒரு வருடத்தில் 48,000 போய்விடும், கிட்டத்தட்ட புதுக் கருவியின் விலை. 50,000 ரூபாய்க்கு வாங்கி ஐந்து வருடம் ஓட்டினால் நாளுக்கு 27 ரூபாய்தான். கணக்கு சொந்தத்தின் பக்கம் சாய்கிறது. ஆனாலும் முதல் மாதம் வாடகைக்கே எடுங்கள் என்பேன். மாஸ்க் பிடிக்காமல் பரணில் ஏற்றி வைத்தால் மொத்தப் பணமும் நஷ்டம். அந்த மாதத்தில் மூக்கு மாஸ்கா, வாயும் மூடும் மாஸ்கா என்பது தெளிவாகிவிடும். வாடகைத் தொகையைக் கருவி விலையில் கழித்துக்கொள்ளும் கடை ஓசூரிலோ சேலத்திலோ கிடைக்கிறதா என்று விசாரியுங்கள்.

சாதா சிபாப் ஒரே அழுத்தம் தரும். ஆட்டோ சிபாப் தேவைக்கேற்பத் தானே கூட்டிக் குறைக்கும், விலை சில ஆயிரம் அதிகம். உங்களுக்குத் தேவையான காற்றழுத்தம் தூக்க ஆய்வகத்தில் அளந்து சொல்லப்படவில்லை என்றால் ஆட்டோவுக்குக் கொடுக்கும் கூடுதல் காசு தகும். பைபாப் விலை இன்னும் மேலே, மருத்துவர் எழுதினால் மட்டும்.

பழைய கருவி பாதி விலைக்கு வந்தால் கொஞ்சம் நிதானம் தேவை. 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் தன் சிபாப், பைபாப் கருவிகள் பலவற்றைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. உள்ளே சத்தம் குறைக்க வைத்த நுரைப்பஞ்சு (ஃபோம்) சிதைந்து, அதன் துகள் மூச்சோடு உள்ளே போகலாம் என்பது காரணம். எந்த நிறுவனக் கருவி என்றாலும் மாடல் எண், ஓடிய மணிநேரம், பில் மூன்றும் இல்லாமல் வாங்கக் கூடாது. மாஸ்கும் குழாயும் எப்போதும் புதிதுதான்.

நம் பக்கத்துக்கே உரிய செலவு ஒன்று, தண்ணீர். ஃபுளோரைடு அதிகம் என்பதால்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. போர்வெல் தண்ணீரைக் கருவியின் ஈரப்பதத் தொட்டியில் ஊற்றினால் உப்புப் படிந்துவிடும், காய்ச்சி வடித்த நீர் (டிஸ்டில்டு வாட்டர்) தான் வேண்டும். கரண்ட் போனால் கருவி நின்றுவிடும் என்பதால் இன்வெர்ட்டரையும் கணக்கில் சேருங்கள். வெளியூர் லோடு ஓட்டுகிறவர் வண்டி பேட்டரியில் ஓட்டும் டிசி அடாப்டர் அந்த மாடலுக்கு உண்டா என்று வாங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். ராத்திரி வண்டியிலேயே படுக்கிறவருக்கு அது இல்லாத கருவி எவ்வளவு மலிவாக வந்தாலும் பயன்படாது.