குழு நடையா, பாதைப் பராமரிப்பா: சவுத் மவுண்டன் காட்டில் ஒரு சனிக்கிழமைக் காலை

நியூ ஜெர்சியின் எசெக்ஸ் கவுண்டியில், வாட்சங் குன்றுத்தொடர்கள் மீது 2,000 ஏக்கருக்கும் மேல் பரந்து கிடக்கும் சவுத் மவுண்டன் ரிசர்வேஷன் என் வீட்டுக்கு அருகில் உள்ள காடு. 1895இல் தோன்றிய எசெக்ஸ் கவுண்டிப் பூங்கா ஆணையம் சிறுகச் சிறுக நிலம் வாங்கிச் சேர்த்து, நிலவடிவமைப்பாளர்களான ஓம்ஸ்டெட் சகோதரர்களின் நிறுவனத்தைக் கொண்டு வடிவமைத்த பூங்கா அது. நியூயார்க்கின் பென் நிலையத்திலிருந்து ரயிலில் வந்து மில்பர்னில் இறங்கினால், சில நிமிட நடையில் காட்டின் நுழைவாயிலான லோகஸ்ட் குரோவ் வந்துவிடும் என்பதால், கார் இல்லாதவர்களும் இங்கே எளிதில் வரலாம். புதிதாகக் குடிவரும் நம்மவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: வார இறுதியில் ஒரே ஒரு காலைப்பொழுதுதான் கிடைக்கிறது என்றால், குழுவாக நடப்பவர்களோடு சேர்வதா, பாதையைப் பராமரிக்கும் தன்னார்வலர்களோடு சேர்வதா? இரண்டு ஆண்டுகள் முதலாவதைச் செய்துவிட்டு, கடந்த மூன்று ஆண்டுகளாக இரண்டாவதைச் செய்து வருபவன் என்ற முறையில், என் சாய்வு பராமரிப்பின் பக்கம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குழு நடையின் நன்மைகளை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. வழி தெரியாதவருக்கு வழி தெரியும். தனியாகக் காட்டுக்குள் போகத் தயங்குபவருக்குத் துணை கிடைக்கும். முன்னால் ஒரு வழிகாட்டியும் கடைசியில் ஒருவரும் வருவதால் யாரும் தொலைந்துபோவதில்லை. ஹெம்லாக் அருவி வரை போய்த் திரும்புவதற்குள் ஆறு மைல் தொலைவு உடலுக்கு உறைக்காமல் கழிந்துவிடும். இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தின் தனிமையை எனக்குக் குறைத்தவர்கள் அந்தக் குழுவினர்தான்; அந்த நன்றி எனக்கு இன்றும் உண்டு.

குறை என்று சொன்னால், இருபது பேர் வரிசையில் நடக்கும்போது கண் பார்ப்பது பெரும்பாலும் முன்னால் போகிறவரின் குதிகாலைத்தான். முன்வரிசையினர் ஓரிடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, பின்னால் வருபவர்கள் வந்து சேர்ந்ததும் புறப்பட்டுவிடுவதால், ஓய்வு மிகவும் தேவைப்படுபவர்களுக்கே ஓய்வு கிடைக்காமல் போவதும் வழக்கம். நல்ல வழிகாட்டி வாய்த்தால் இது நேராது.

பராமரிப்பு நாளில் நான்கு மணி நேரத்தில் அரை மைல்கூட நகர மாட்டோம். கையில் கடப்பாரையோ, மண்வெட்டியோ, நீண்ட பிடியுள்ள கத்தரியோ, மடக்கு ரம்பமோ இருக்கும். பாதையின் குறுக்கே நீளும் கிளைகளை நான்கு அடி அகலத்துக்கும் எட்டு அடி உயரத்துக்கும் வெட்டி ஒதுக்குவது முதல் வேலை. எட்டு அடி எதற்கு என்று முதல் நாள் வியந்தேன். மழையில் நனைந்த இலைகளும் பனி ஏறிய கிளைகளும் எவ்வளவு தாழ்ந்து தொங்கும் என்பதை அந்தக் குளிர்காலத்திலேயே கண்டுகொண்டேன். மரங்களில் தீட்டப்பட்ட அடையாளப் பட்டைகள் இலைகளால் மறையாமல் பார்த்துக்கொள்வது அடுத்தது. இந்தக் காட்டின் வழியே செல்லும் லெனாபே பாதைக்கு மஞ்சள் நிறம். இரண்டு பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால் திருப்பம் வருகிறது என்று பொருள். மேல் பட்டை எந்தப் பக்கம் விலகியிருக்கிறதோ அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். இரண்டு ஆண்டுகள் இந்தப் பட்டைகளைக் கடந்து நடந்தும், வழிகாட்டி இருக்கிறார் என்ற நம்பிக்கையில் நான் இதைக் கற்றுக்கொள்ளவே இல்லை.

ஆனால் இவையெல்லாம் சில்லறை வேலைகள். என் தேர்வைத் தீர்மானித்தது தண்ணீர்.

வாட்சங் குன்றுகள் பழைய எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான பசால்ட் பாறையால் ஆனவை. பல இடங்களில் அந்தப் பாறையின் மேல் இருக்கும் மண் மெல்லியது. காட்டுக்குள் விழும் மழையைச் சருகு மெத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஆயிரம் கால்கள் மிதித்து இறுகிப்போன பாதையில் விழும் மழைக்கு உள்ளே இறங்க வழி இல்லை. அது பாதையையே வாய்க்காலாகப் பிடித்துக்கொண்டு சரிவில் ஓடத் தொடங்கும். மார்ச் மாதத்தில், மேலே பனி உருகியும் அடி மண் இன்னும் உறைந்தே இருக்கும் வாரங்களில், இது இன்னும் மோசம். ஓடும் நீர் முதலில் மண்ணையும் பிறகு சிறு கற்களையும் அரித்துக்கொண்டு போக, சில ஆண்டுகளில் பாதை முழங்கால் ஆழப் பள்ளமாகிவிடுகிறது.

இதைத் தடுக்கச் சரிவுப் பாதையின் குறுக்கே கற்களையோ மரத்தையோ பதித்து, வருகிற நீரைப் பக்கவாட்டில் திருப்பிவிடுகிறார்கள். நம் ஊர் மொழியில் அதை வரப்பு என்றே சொல்லலாம். பாதைக்கு நேர் குறுக்காக அதைப் பதித்தால் நீர் தேங்கி, வண்டலை இறக்கிவிட்டு, மேலேறிக் குதித்து ஓடிவிடும். ஏறத்தாழ 45 பாகை சாய்த்துப் பதித்தால்தான் நீர் நிற்காமல் வெளியே வழியும், வழியும்போது தன் வண்டலையும் தானே தள்ளிக்கொண்டு போகும். தஞ்சைப் பக்கம் என் தந்தை மண்வெட்டியின் ஒரே வெட்டில் மடை மாற்றி விடுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, எங்கள் குழுத் தலைவர் முதன்முதலில் இதை விளக்கியபோது புதிதாக ஏதோ சொல்கிறார் என்றே தோன்றவில்லை.

வரப்பைப் போட்டுவிட்டால் வேலை முடிந்துவிடுவதில்லை என்பதுதான் இங்கே முக்கியமானது. அக்டோபரிலும் நவம்பரிலும் உதிரும் ஓக் இலைகள் வடிகால் வாயை அடைத்துவிடும்; குளிர்கால மழை அந்த இலைகளின் மேல் வண்டலைப் படியவைக்கும்; வசந்தம் வரும்போது வரப்பு இருந்தும் இல்லாததாகிவிடும். ஆண்டுக்கு இருமுறை யாராவது மண்வெட்டியோடு வந்து அந்த வாயைத் திறந்துவிட்டாக வேண்டும். ஒரு வரப்புக்கு ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தைக் கொடுக்க ஆள் இல்லையென்றால், மூன்று நான்கு ஆண்டுகள் கழித்துப் பத்துப் பேர் இரண்டு நாள் கல் சுமக்க வேண்டிவரும். வரப்புக்குப் பதிலாகப் பாதையையே அலைபோல் சற்று ஏற்றி இறக்கி அமைத்தால் அடைப்பு குறையும் என்பதால், புதிய பாதைகளில் அந்த முறையையே விரும்புகிறார்கள். எங்கள் பாதைகளோ பழையவை. வரப்புகளோடுதான் வாழ வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில்தான் குழு நடையும் பராமரிப்பும் எதிரெதிராக நிற்கின்றன. நான் குழுவோடு நடந்த கடைசி ஏப்ரலில், சரிவு ஒன்றின் அடியில் சேறு குழம்பிக் கிடந்தது. ஏறக்குறைய இருபத்தைந்து பேர் இருந்தோம். முதலில் வந்தவர் காலணி நனையாமல் ஓரமாக ஒதுங்கி நடந்தார். அடுத்தவர் அதைவிடச் சற்றுத் தள்ளி. நானும் அப்படித்தான் போனேன். மறு மாதம் அதே இடத்துக்குப் பராமரிப்புக் குழுவோடு போனபோது, ஒற்றையடிப்பாதையாக இருந்தது மூன்று மடங்கு அகன்று, இரு ஓரத்திலும் இருந்த சிறு செடிகள் மிதிபட்டு மண்ணோடு மண்ணாகியிருந்தன. சற்று மேலே ஒரு வரப்பின் வாய் சருகால் அடைத்துக் கிடந்ததுதான் மூல காரணம். வாயைத் திறந்துவிட்டு, ஓரத்தில் புதிதாக உண்டான தடங்களின் மேல் காய்ந்த கிளைகளைப் பரப்பி மூடினோம். காலை முழுவதும் அதற்கே சரியாகப் போயிற்று. சேற்றை மிதித்துக்கொண்டு நேராக நடப்பதுதான் பாதைக்குச் செய்யும் நன்மை என்பதை எந்தக் குழு நடையிலும் எனக்கு யாரும் சொன்னதில்லை. நடைக்கு முன் இரண்டு நிமிடம் ஒதுக்கி இதைச் சொல்லும் குழு இருக்குமானால், என் வாதத்தில் பாதி வலுவிழந்துவிடும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பராமரிப்புக்கு எதிராகச் சொல்லத்தக்கவை இல்லாமல் இல்லை. உண்ணிகள் முதலாவது. உண்ணி கடித்துப் பரவும் லைம் நோய்க்குப் பெயர் கொடுத்த லைம் நகரம் பக்கத்துக் கனெக்டிகட்டில்தான் இருக்கிறது. நியூ ஜெர்சியிலும் அந்த நோய் மிகுதி. பாதையின் நடுவில் நடப்பவரைவிடப் புதருக்குள் மண்டியிட்டு வேலை செய்பவர் மேல் உண்ணி ஏறும் வாய்ப்பு அதிகம், அதிலும் மே முதல் ஜூலை வரை. கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்வதும், ஆடைக்குப் பெர்மெத்ரின் என்னும் பூச்சிக்கொல்லியைத் தெளிப்பதும், வீடு திரும்பியதும் உடல் முழுவதையும் பார்ப்பதும் எங்களுக்குக் கட்டாயம். மூன்று இலைகளோடு நிற்கும் பாய்சன் ஐவி என்னும் நச்சுக்கொடியைத் தொட்டால் வரும் கொப்புளம் வாரக்கணக்கில் ஆறாது. முதுகுவலி உள்ளவர்கள் கல் புரட்டும் நாள்களைத் தவிர்க்க வேண்டும். அவர்களுக்குக் கத்தரி வேலை எப்போதும் இருக்கும்.

எமரால்டு ஆஷ் போரர் என்னும் வண்டினால் செத்து நிற்கும் ஆஷ் மரங்கள் இப்போது அடிக்கடி பாதையின் மேல் விழுகின்றன. அவற்றை இயந்திர ரம்பத்தால் அறுப்பது பயிற்சியும் சான்றிதழும் பெற்றவர்களின் வேலை. அதில் எனக்கு அனுபவம் இல்லை. ஹாரிமன் போன்ற பெரிய காடுகளில் 1920 முதல் இயங்கும் நியூயார்க்-நியூ ஜெர்சி டிரெயில் கான்ஃபரன்ஸ் என்னும் தன்னார்வப் பாதைப் பராமரிப்பு அமைப்பு, பாதையின் ஒரு பகுதியைத் தனி ஒருவரிடமே ஒப்படைக்கிறது. அந்தப் பொறுப்பு எப்படியிருக்கும் என்பதையும் நான் அனுபவித்துச் சொல்ல முடியாது. 2021 செப்டம்பர் 1 இரவில் ஐடா புயலின் எச்சம் கொட்டியது போன்ற மழைக்கு முன் எங்கள் வரப்புகள் எதையும் பெரிதாகக் காப்பாற்றிவிடும் என்று சொல்லவும் மாட்டேன்.

ஆகவே புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். இலையுதிர் காலத்தில் மண் காய்ந்திருக்கும்போது, இரண்டு மூன்று குழு நடைகளுக்குப் போய்க் காட்டின் வழிகளைப் பழகிக்கொள்ளுங்கள். பிறகு நவம்பர் கடைசியில், இலை முழுவதும் உதிர்ந்தபின் நடக்கும் பராமரிப்பு நாளுக்கு வாருங்கள். அப்போது உண்ணித் தொல்லை மே முதல் ஜூலை வரையிலானதைவிடச் சற்றுக் குறைந்திருக்கும், ஆனால் அடியோடு இல்லாமல் போகாது; வரப்புகளின் வாயோ அடைத்துக் கிடக்கும். கருவிகளைக் குழுவே தரும். கெட்டியான கையுறையும், கணுக்கால் மறைக்கும் காலணியும், இரண்டு லிட்டர் தண்ணீரும் நீங்கள் கொண்டுவர வேண்டியவை. சேற்று மாதங்களான மார்ச்சிலும் ஏப்ரலிலும் நடப்பதா, மண்வெட்டி பிடிப்பதா என்று தேர்ந்தெடுக்க வேண்டிவந்தால், தயங்காமல் மண்வெட்டியை எடுங்கள்.