மண்டி, கடை, ஆபீஸ்ல நெட்வொர்க் போடுறவங்க ஆளுக்கு காசு குடுக்கறதுக்கு முன்னாடி இதை படிங்க

காவேரிப்பட்டணத்துல அப்பா காலத்துல இருந்து எங்களுக்கு மாங்கா மண்டி இருக்கு. பெங்களூரா காய்தான் அதிகம், மாங்கூழ் ஃபேக்டரிக்கு லோடு போகும். எடைமேடைகிட்ட ஒரு கம்ப்யூட்டர், பில் போட ஒண்ணு, கணக்குக்கு ரெண்டு, மொத்தம் நாலு. போன சீசன்ல, ஜூன் கடைசி வாரம், ஒரே ராத்திரில நாலும் போயிடுச்சு. எங்களுக்கு நடந்தது இன்னொருத்தருக்கு நடக்கக்கூடாதுன்னுதான் எழுதறேன்.

சீசனுக்கு முன்னாடி கிருஷ்ணகிரில இருந்து ஒரு சர்வீஸ் ஆளை வச்சு நாலையும் ஒண்ணா இணைச்சோம். 18,000 ரூபா வாங்கினார். தம்பி பெங்களூர்ல இருந்தே கணக்கு பாக்கணும்னு கேட்டான், அதுக்கு ஸ்டாடிக் ஐபி, அதாவது மாறாத நெட் முகவரி, வேணும்னார், அதுக்கும் தனியா கட்டினோம். நாலு மெஷினுக்கும் ஒரே பாஸ்வேர்ட், மண்டி பேரும் 123ம். டாலிங்கிற கணக்கு சாஃப்ட்வேரோட ஃபோல்டரை எல்லாருக்கும் திறந்து ஷேர் பண்ணிட்டார். ஆன்டிவைரஸ் ஏதோ சாஃப்ட்வேரை தடுக்குதுன்னு அதையும் ஆஃப் பண்ணிட்டார். ஏங்கண்ணா இது பரவாயில்லையான்னு நான் கேட்டேன், "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க மேடம், பேக்கப்தான் தானா எடுத்துக்குதே, அந்த ஹார்ட் டிஸ்க்கை கழட்டவே கழட்டாதீங்க"ன்னார். நானும் நம்பிட்டேன்.

திங்கக்கிழமை காலைல ஏழு மணிக்கு வெளிய லோடு நிக்குது, டாலி திறக்கல. ஃபோல்டர்ல போய் பாத்தா ஒவ்வொரு ஃபைல் பேருக்கு பின்னாடியும் சம்பந்தமே இல்லாம எழுத்தும் நம்பருமா ஒட்டிக்கிட்டு இருக்கு, ஐகான் எல்லாம் வெள்ளை காகிதமா மாறிடுச்சு, எந்த ஃபோல்டரை திறந்தாலும் ஒரே ஒரு நோட்பேட் ஃபைல், பிட்காயின்ல காசு கட்டினாதான் பூட்டை திறப்போம்னு இங்கிலீஷ்ல எழுதி. கை கால் நடுங்கிடுச்சு எனக்கு. பேக்கப் டிஸ்க் மெஷின்லயே சொருகி இருந்ததால அதையும் சேத்து பூட்டிட்டாங்க.

அத்தை பையன் ஓசூர்ல ஒரு கம்பெனில நெட்வொர்க் பாக்கறான், அன்னைக்கு சாயங்காலமே வந்தான். முதல் வேலையா நெட் ஒயரையும் மெஷின்களுக்கு நடுவுல இருந்த ஒயரையும் பிடுங்கினான். அப்புறம் மெஷின்ல நடக்கறதை பதிஞ்சு வைக்கிற ஈவென்ட் வியூவர்னு ஒண்ணை திறந்து காமிச்சான், 4625ன்னு வரிசையா போகுது, அதுனா யாரோ தப்பு பாஸ்வேர்ட் போட்டு உள்ள வர பாத்திருக்காங்கன்னு அர்த்தமாம், சில செகண்டுக்கு ஒண்ணுன்னு ராத்திரி பகலா, நான் ஸ்க்ரோல் பண்ணிக்கிட்டே இருந்தேன் முடியவே இல்ல. ஞாயித்துக்கிழமை ராத்திரி ரெண்டு மணிக்கு மேல ஒரு 4624, அதுனா பாஸ்வேர்ட் சரியா விழுந்துடுச்சுன்னு அர்த்தம். உள்ள வந்துட்டான். தம்பிக்காகன்னு சொல்லி 3389ங்கிற ரிமோட் டெஸ்க்டாப் போர்ட்டை, அதாவது தூரத்துல இருந்தே மெஷினை இயக்கற கதவை, ரவுட்டர்ல நேரா வெளிய திறந்து விட்டிருக்கார் அந்த ஆளு. இப்படி திறந்து கிடக்கிற கதவை உலகம் பூரா தானா தேடிக்கிட்டே இருக்கிற புரோகிராம் இருக்காம், காவேரிப்பட்டணமா நியூயார்க்கான்னு அது பாக்காது. பில் மெஷின்ல இருந்தது விண்டோஸ் 7 வேற, 2020 ஜனவரியோட மைக்ரோசாஃப்ட் அதுக்கு அப்டேட்டே நிறுத்திட்டாங்க. 2017 மே மாசம் வான்னாக்ரைன்னு இதே மாதிரி ஃபைலை பூட்டி காசு கேக்கற வைரஸ் வந்து நிறைய நாட்டுல ஆஸ்பத்திரி வரைக்கும் முடக்கிச்சே, அதுக்கான அப்டேட் மார்ச்லயே வந்துடுச்சு, போடாதவங்கதான் மாட்டினாங்கன்னு அவன் சொன்னப்ப எனக்கு வயித்தெரிச்சலா இருந்துச்சு.

சர்வீஸ் ஆளுக்கு ஃபோன் பண்ணா "வைரஸ் வந்தா நான் என்னங்க பண்றது"ன்னார். ரெண்டு நாள் கழிச்சு டேட்டா எடுத்து தர்றேன்னு ஒருத்தரை கூட்டிட்டு வந்தார், அவர் 60,000 கேட்டார், அதுவும் முன்பணமா. எப்படி எடுப்பீங்கன்னு அத்தை பையன் கேட்டதுக்கு பதிலே இல்ல. திருடனுக்கே காசு கட்டி சாவி வாங்கி, நடுவுல கமிஷன் பாக்கற ஆளுங்களும் இருக்காங்களாம், உஷாரா இருங்க. நாங்க ஒரு பைசா குடுக்கல. மாவட்ட சைபர் கிரைம்ல புகார் குடுத்திருக்கோம். காசு போயிருந்தா உடனே 1930க்கு அடிக்கணும்.

ஆடிட்டருக்கு மெயில்ல அனுப்பின ஏப்ரல் மாச டாலி பேக்கப்தான் மிச்சம். அதுக்கப்புறம் வந்த ஒவ்வொரு லோடையும் எடைச்சீட்டை வச்சு திரும்ப ஏத்தினோம், பதினேழு நாள் ஆச்சு. போச்சம்பள்ளி பக்கத்துல இருந்து ஒரு பெரியவர் வந்தார், அவரோட மூணு லோடுக்கு சீட்டு இல்ல. "ஏம்மா, கம்ப்யூட்டர்ல ஏத்திட்டோம்னு சொல்லித்தானே சீட்டை வாங்கி வச்சீங்க"ன்னு கேட்டார், என்னால அவர் முகத்தை பாக்க முடியல. அப்பா அவர் சொன்ன எடைக்கே காசு எண்ணி குடுத்துட்டார்.

இப்ப 3389 மூடியாச்சு, தம்பி விபிஎன்ங்கிற பூட்டின தனி வழியாத்தான் வர்றான், ஓடிபி போட்டாதான் உள்ளயே விடும். பேக்கப்புக்கு ரெண்டு டிஸ்க், தினம் சாயங்காலம் எடுத்ததும் கழட்டி ஒண்ணு வீட்டு பீரோவுக்கு போயிடும். எடைச்சீட்டை கணக்கு முடியற வரைக்கும் விவசாயி கைலயே விட்டுடறோம். அந்த ஆளு இன்னும் நம்ம ரோட்டுல கடை கடையா இதே வேலைதான் பண்ணிக்கிட்டு இருக்கார். உங்க கடைக்கு யார் போட்டிருந்தாலும் சரி, இன்னைக்கே ரவுட்டரோட செட்டிங் பக்கத்தை பிரவுசர்ல திறந்து பேருக்கும் பாஸ்வேர்டுக்கும் அட்மின், அட்மின்னு அடிச்சு பாருங்க. உள்ள போச்சுன்னா அந்த நிமிஷமே மாத்திடுங்க, அப்படியே வெளிய திறந்து விட்ட போர்ட்டெல்லாம் இருக்கிற போர்ட் ஃபார்வர்டிங்ல 3389 இருக்கான்னும் பாத்துடுங்க.