மணாலி–லே சைக்கிள் பயணத்துக்கு முன்பணம் கட்டும் முன்

மணாலியிலிருந்து லடாக்கின் லேவுக்கு வழிகாட்டியுடன் சைக்கிளில் அழைத்துச் செல்வதாகக் கூறும் விளம்பரங்கள், பனி விலகிச் சாலை திறப்பதற்கு முன்பே நம் ஊர் சைக்கிள் குழுக்களின் வாட்ஸ்அப்பில் வரத் தொடங்கிவிடுகின்றன. சென்ற பருவத்தில் அப்படியொரு நிறுவனத்திடம் பணம் கட்டிச் சென்ற எங்கள் குழுவில், ஒரு பெண்மணி உயிராபத்தின் விளிம்புவரை போய் மீண்டார். புகார் நிலுவையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. ஆனால் எந்தெந்த இடத்தில் எப்படி ஏமாற்றினார்கள் என்பது அடுத்து செல்பவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

விளம்பரத்தில் இந்தப் பயணத்தை ‘நடுத்தரக் கடினம்’ என்று வகைப்படுத்தியிருந்தார்கள். நாளொன்றுக்குச் சராசரியாக 50 கிலோமீட்டர், வாரந்தோறும் சைக்கிள் ஓட்டும் எவரும் வரலாம் என்றும் எழுதியிருந்தார்கள். மலைச்சாலையில் கிலோமீட்டர் கணக்கு எதையும் சொல்லாது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குச் சைக்கிளில் ஏறியவர்கள் இதை அறிவார்கள். சுமார் 35 கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரும் அந்தச் சாலையை, சமதளத்தில் ஓட்டும் 35 கிலோமீட்டரோடு யாரும் ஒப்பிட மாட்டார்கள். அதனால், ஒவ்வொரு நாளும் எத்தனை மீட்டர் ஏற்றம், ஒவ்வோர் இரவும் எந்த உயரத்தில் தங்கல் என்று எழுத்துமூலம் கேட்டேன். அவர்கள் அனுப்பிய அட்டவணை உண்மையிலேயே நன்றாக இருந்தது. சுமார் 3,200 மீட்டர் உயரத்திலுள்ள ஜிஸ்பாவுக்குப் பின் பட்சியோவில் ஓர் இரவு, ஜிங்ஜிங்பாரில் ஓர் இரவு, அதன் பிறகே பாரலாச்சா லா கணவாயைக் கடந்து சர்ச்சு என்று அதில் இருந்தது. 3,000 மீட்டருக்கு மேல் சென்றபின், தூங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதிருப்பது நல்லது என்று மருத்துவர்கள் கூறும் வரம்புக்கு அது ஏறக்குறைய ஒத்துப்போனது. அந்த அட்டவணையை நம்பித்தான் பணம் கட்டினேன்.

ஜிஸ்பாவில் இரவு உணவின்போது, மறுநாள் நேராகச் சர்ச்சுவுக்குப் போகிறோம் என்று வழிகாட்டி அறிவித்தார். காரணம் கேட்டபோது சாலை நிலவரம் என்றார். லேவில் அடுத்த குழு காத்திருப்பதாகவும், எங்களோடு வரும் வண்டி குறிப்பிட்ட நாளுக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும் என்றும் பின்னர் ஓட்டுநரிடமிருந்து தெரிந்துகொண்டோம். இந்த ஓர் அறிவிப்பின் பொருள் என்ன என்பதை எண்களில் பாருங்கள்: 80 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தை ஒரே நாளில் ஓட்டி, ஏறத்தாழ 4,890 மீட்டர் உயரமுள்ள கணவாயைக் கடந்து, முந்தைய இரவைவிட ஆயிரம் மீட்டருக்கும் அதிக உயரத்தில் படுத்துறங்க வேண்டும். கணவாயின் உச்சியில் காற்றழுத்தம், கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிக்குச் சற்று மேல்தான். குன்னூர் ஏற்றத்தைப் பலமுறை முடித்த கால்களும் அங்கே சட்டென்று சோர்ந்துபோகும். அந்தக் குறையைத் தசைப் பயிற்சியால் ஈடுகட்ட முடியாது, உயரத்துக்குப் பழக உடலுக்குத் தேவைப்படுவது நாள்கள்தான். அந்த நாள்களை விலையில் சேர்த்து வாங்கிக்கொண்டு, வழியில் எடுத்துவிட்டார்கள்.

குழுவைச் சேர்த்த விதமும் ஒரு மோசடியே. நின்று படம் எடுத்து, தாபாவில் தேநீர் குடித்து, மெதுவாகச் செல்ல விரும்புபவர்களுக்குத் தனிக்குழு, வேகமாகச் செல்பவர்களுக்குத் தனிக்குழு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வழிகாட்டி என்று எனக்கு எழுதியிருந்தார்கள். மணாலியில் இறங்கியபோது இருந்தது ஒரே குழு, ஒரே வழிகாட்டி. போட்டிகளுக்குப் பயிற்சி எடுக்கும் இளைஞர்களும், ஓய்வுபெற்ற பின் முதன்முறையாக இமயத்தைக் காண வந்தவர்களும் ஒன்றாக நின்றோம். அந்த இளைஞர்கள்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. வேகமான குழு என்று அவர்களிடம் சொல்லியே பணம் வாங்கியிருந்தார்கள். வழிகாட்டி இயல்பாகவே முன்னால் செல்பவர்களோடு போனார். கடைசியாக வருபவருக்குப் பின்னால் ஓர் ஆள் வர வேண்டும் என்பது இத்தகைய பயணங்களின் அடிப்படை விதி. எங்களுக்குப் பின்னால் யாரும் இல்லை. உடன்வரும் வண்டியும் கூடாரம் அடிக்கவும் சமைக்கவும் என்று காலையிலேயே முன்னே போய்விடும். கைபேசித் தொடர்பு இல்லாத நீண்ட பகுதிகளைக் கொண்ட சாலையில், பின்தங்கியவர்கள் யாருடைய பார்வையிலும் இல்லாமல் ஓட்டினோம்.

பின்தங்குவதால் வரும் ஆபத்து களைப்போடு நிற்பதில்லை. அந்தச் சாலையின் குறுக்கே பனி உருகி ஓடும் ஓடைகள் காலையில் கணுக்கால் அளவு இருக்கும். வெயில் ஏறிய பின் பிற்பகலில் பெருகி, சைக்கிளையே இழுக்கும் வேகம் எடுக்கும். வேகமானவர்கள் காலையிலேயே கடந்துவிட, உதவி அதிகம் தேவைப்படுபவர்கள் நீர் மிகுந்த நேரத்தில் தனியாக அவற்றின் முன் நிற்கிறார்கள். பொறுப்புள்ள நிறுவனம் மெதுவானவர்களை விடியலிலேயே அனுப்பிவைக்கும். எங்களுக்கோ காலை உணவே தாமதமாகத்தான் வந்தது.

சைக்கிளைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் உயரத்தைக் கேட்டு நடுத்தர அளவுச் சட்டம் (ஃபிரேம்) கொண்ட சைக்கிள் தருவதாக உறுதியளித்துவிட்டு, பெரிய அளவைக் கொடுத்தார்கள். முன்புறம் மூன்று செயின்ரிங் (மிதியோடு சுழலும் பல்சக்கரம்) இருந்தும், மிகச் சிறியதற்குச் செயின் இறங்கவே இல்லை. எனக்குக் கிடைத்த மிக இலகுவான கியர், முன்னே 38 பற்களும் பின்னே 28 பற்களும் கொண்டது. இப்படிப்பட்ட ஏற்றங்களுக்கு முன்னேயுள்ள மிகச் சிறிய செயின்ரிங்கின் பற்கள், பின்னேயுள்ள மிகப் பெரிய பல்சக்கரத்தின் பற்களைவிட அதிகமாக இருக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. இல்லையென்றால் ஒவ்வொரு மிதியும் முழங்காலைத் தின்னும். மணாலியிலேயே ஒவ்வொரு கியரையும் மாற்றிப் பார்த்து, மாறவில்லை என்று சுட்டிக்காட்டினேன்; வழியிலுள்ள கேலாங் ஊரில் மெக்கானிக் சரிசெய்வார் என்றார்கள். மெக்கானிக் என்று ஒருவர் பயணம் முழுவதும் கண்ணில் படவேயில்லை.

சர்ச்சுவில் நடந்ததை இன்றும் கோபமில்லாமல் எழுத முடியவில்லை. ஐம்பது வயதைக் கடந்த அந்தப் பெண்மணி மாலையில் கடும் தலைவலியோடு வந்து சேர்ந்தார். இரவில் வாந்தி நிற்கவில்லை, நடக்கும்போது தள்ளாடினார். உயரத்தால் வரும் நோய் மூளையைத் தாக்கத் தொடங்குவதன் அடையாளம் அந்தத் தள்ளாட்டம். அதற்குரிய முதன்மையான சிகிச்சை, உடனே கீழே இறங்குவது. ஆனால் சர்ச்சுவின் அமைப்பைக் கவனியுங்கள்: ஒருபுறம் பாரலாச்சா லா, மறுபுறம் நகீ லா, லாச்சுலுங் லா என்ற இரு கணவாய்கள். எந்தத் திசையில் தாழ்வான இடத்துக்குப் போவதென்றாலும் முதலில் மேலே ஏறித்தான் ஆக வேண்டும். போதுமான நாள்கள் இல்லாமல் ஒருவரை அங்கே கொண்டுபோய்ப் படுக்கவைப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை. விளம்பரத்தில் படம் போட்டிருந்த ஆக்சிஜன் உருளையைத் திறந்தபோது அதில் எதுவும் இல்லை. விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் கருவியும் கிடையாது. வண்டியோ அன்று மாலையே சாலையில் அடுத்து வரும் பாங் என்ற இடத்துக்குப் புறப்பட்டுப் போயிருந்தது. பக்கத்துக் கூடாரத்தில் தங்கியிருந்த வேறொரு குழுவினர் தங்கள் ஆக்சிஜனைக் கொடுத்தார்கள். விடியும் முன் ஒரு லாரி ஓட்டுநர் அவரை ஏற்றிக்கொண்டு கணவாயைத் தாண்டிக் கேலாங் மருத்துவமனையில் சேர்த்தார். அந்த இரு தரப்பினருக்கும் நாங்கள் பட்ட கடன் தீராதது. அவர் நலமாக வீடு திரும்பிவிட்டார்.

நானும் இன்னும் சிலரும் அங்கிருந்தே திரும்பிவிட்டோம். பணத்தைத் திரும்பக் கேட்டபோது, ‘உடல்தகுதிக் குறைவால் தாமாக விலகியவர்கள்’ என்று எங்களைக் குறிப்பிட்டு மறுத்துவிட்டார்கள். வழிகாட்டி கையெழுத்துக் கேட்ட தாளில் இதே சொற்றொடர் இருந்ததால் நான் கையெழுத்திடவில்லை. களைப்பில் படிக்காமல் கையெழுத்திட்டவர்களின் நிலை இப்போது சிக்கலாகியிருக்கிறது. இத்தகைய தாள் நீட்டப்பட்டால், அட்டவணை மாற்றப்பட்டதால் விலகுகிறேன் என்று உங்கள் கையால் எழுதி, அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் பதிவு செய்தேன். நிறுவனம் அசையாததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனம் எந்த மாநிலத்தில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் தர வேண்டும். அவர்கள் எழுத்தில் அனுப்பிய முதல் அட்டவணைதான் என் முக்கிய ஆதாரம்.

இந்தப் பருவத்தில் பணம் கட்டப்போகிறவர்கள், இரவுத் தங்கல்களின் உயரத்தோடு, கடைசி ஆளோடு வருபவர் யார், ஓடும் நேரம் முழுவதும் வண்டி எங்கே இருக்கும், தங்கல் ஒன்றை நீக்கினால் எவ்வளவு பணம் திரும்பும் என்பவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். அதே நிறுவனத்தோடு சென்ற பருவத்தில் மெதுவாக ஓட்டிய ஒருவரின் எண்ணைக் கேட்டுப் பேசுங்கள். வேகமாக ஓட்டியவர்கள் பின்னால் நடந்ததைப் பார்த்திருக்க மாட்டார்கள். தங்கலை நீக்கினால் எவ்வளவு பணம் திரும்பும் என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் தர மறுக்கும் நிறுவனத்துக்கு முன்பணமே அனுப்ப வேண்டாம்.