வங்குரோத்தான கம்பனியிடமிருந்து காசு வாங்கித் தருவதாக வருபவரிடம் மூலச் சிட்டைகளைக் கொடுக்காதீர்கள்

சுன்னாகத்தில் சின்ன வெங்காயம் வாங்கிக் கொழும்புக்கு லொறியேற்றுவது என் தொழில். இரண்டு வருடமாக என்னிடம் கடனுக்கு எடுத்துவந்த கொழும்புக் கம்பனி ஒன்று முறிந்து, அதை ஒழித்துக்கட்டும்படி, அதாவது சொத்துகளை விற்றுக் கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிட்டு மூடும்படி, நீதிமன்றம் கட்டளையிட்டபோது எனக்கு வரவேண்டியிருந்தது 485,000 ரூபாய்.

அந்தக் கம்பனியைத் திட்ட இதை எழுதவில்லை. வியாபாரம் என்றால் விழுகிறவனும் இருப்பான். என்னை ஏமாற்றியவர் அதற்குப் பிறகு வந்தவர். சந்தையில் எல்லோருக்கும் தெரிந்த முகம், என் மைத்துனரோடு படித்தவர். “அண்ணை, கொழும்பில் எனக்கு ஆள் இருக்கிறது. வரிசையில் உங்களை முன்னுக்குப் போட்டுவிடலாம்” என்றார். 25,000 ரூபாய் முற்பணமும் மூலச் சிட்டைகள் அத்தனையும் கொடுத்தேன். பற்றுச்சீட்டுக் கேட்க வெட்கமாக இருந்தது. மடையன்.

ஆள் பிடித்து முன்னுக்குப் போகக்கூடிய வரிசை அங்கே இல்லை. யாருக்கு முதலில் என்பதை 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் தீர்த்து வைத்திருக்கிறது. ஈடு பிடித்த வங்கி தன் ஈட்டைப் பார்த்துக்கொள்ளும். ஒழித்துக்கட்டும் செலவு, தொழிலாளரின் சம்பளம், சேமலாப நிதி, வரி எல்லாம் எங்களுக்கு முன்னே நிற்கும். ஈடில்லாமல் கடன் கொடுத்த என்னைப் போன்றவர்களுக்கு, மிஞ்சியதை அவரவர் தொகைக்கு ஏற்பப் பங்கிடுவார்கள். எந்த ஆளைப் பிடித்தாலும் அந்தப் பங்கு ஒரு சதம் கூடாது.

ஏழு மாதம் “வந்துகொண்டிருக்கிறது” என்ற பதிலையே கேட்டபின், கம்பனியின் சொத்துகளை விற்றுப் பங்கிட நியமிக்கப்பட்டவரின் கந்தோருக்கு நானே தொலைபேசி எடுத்தேன். என் பெயரில் ஒரு கோரிக்கையும் வந்திருக்கவில்லை. கோரிக்கை அனுப்ப அறிவித்த திகதி கடந்து, முதற் பங்கீடும் முடிந்திருந்தது. பிந்தி வந்தவன் அதைக் கலைக்க முடியாது. இனி மிஞ்சுவதில்தான் பங்கு கேட்கலாம்.

பிறகு நானே செய்தேன். கடன் எவ்வளவு, எப்படி வந்தது என்று ஒரு படிவம். அதைச் சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசியாக உறுதிப்படுத்தி, சிட்டைகளின் பிரதிகளுடன் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். ஒரு முற்பகல் வேலை. ஆனால் சிட்டைகள்தான் என் கையில் இல்லையே! சுன்னாகத்து லொறிக்காரர் மூட்டைக் கணக்கெழுதிய பழைய கொப்பிகளை எறியாமல் வைத்திருந்ததால் 310,000 ரூபாய்க்காவது ஆதாரம் காட்ட முடிந்தது. மீதிக்கு என் வாய்ச்சொல் மட்டும்தான்.

என்னுடைய சிட்டைகளைக் கேட்டால் அவை கொழும்பில் இருக்கின்றன என்கிறார் முற்பணம் வாங்கியவர். அவரிடம் கோப்புக் கொடுத்த இன்னும் இரண்டு வெங்காய வியாபாரிகளை எனக்குத் தெரியும். மற்றவர்களும் இருப்பீர்கள். இந்தக் கிழமைக்குள் போய் மூலச் சிட்டைகளைத் திரும்ப வாங்குங்கள். பங்கிடும் கந்தோருக்கு நீங்களே அழைத்து, உங்கள் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள்.