பிளைண்டில் சின்ன ஜோடி: கை ஒன்று, கணக்கு இரண்டு

லிமிட் ஹோல்டெம் என்பது ஒவ்வொரு சுற்றுக்கும் பந்தயத் தொகை நிர்ணயிக்கப்பட்ட போக்கர் ஆட்டம். அதில் பிளைண்டில், அதாவது சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாகப் பணம் போடும் இருக்கையில், இருக்கும்போது 2-2 முதல் 6-6 வரை ஒரு ஜோடி வந்துவிட்டால், யோசிக்காமல் கால் செய்பவர்கள்தான் (எதிராளி போட்ட அளவுக்குப் போட்டுத் தொடர்பவர்கள்) அதிகம். 'செட் விழுந்தால் (ஜோடிக்கு மூன்றாவதாக அதே எண் சீட்டு வந்தால்) அள்ளிவிடலாம்' என்பது, எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம் என்ற நோ-லிமிட்டில் ஊறிய பழக்கம். அங்கே எதிராளியின் மொத்தக் காசும் கைக்கு வரலாம். 4-8 டாலர் லிமிட் மேசையில் ஒரே எதிராளி, யாரும் மேலே ஏற்றவில்லை என்றால் ஃபிளாப்புக்கு (நடுவில் திறக்கும் முதல் மூன்று சீட்டு) 4, டர்னுக்கு (நான்காவது சீட்டு) 8, ரிவருக்கு (ஐந்தாவது) 8. கடைசிவரை வந்தாலும் 20 டாலர்தான். செட் விழுவதோ எட்டரை முறைக்கு ஒரு முறை. வெறும் செட்டை மட்டும் நம்பி ஆடினால் கட்டுபடியாகாது.

அதனால் எந்த பிளைண்டில் இருக்கிறோம், எதிரே எத்தனை பேர் என்பதுதான் முக்கியம். சின்ன பிளைண்ட் 2, பெரிய பிளைண்ட் 4. கையில் 4-4 ஜோடி. பட்டனில் (ஃபிளாப்புக்குப் பிறகு கடைசியாகப் பேசும் இருக்கை) இருப்பவர் 8-க்கு ரெய்ஸ் செய்கிறார், அதாவது தொகையை ஏற்றுகிறார், வேறு யாரும் இல்லை.

பெரிய பிளைண்டில் என்றால் நடுவில் 14 டாலர் கிடக்கிறது, நாம் போட வேண்டியது 4. நூற்றுக்கு 22 முறை ஜெயித்தாலே போட்ட காசு வந்துவிடும். பட்டனில் இருப்பவர் ஏஸ்-ஒன்பது, கிங்-ஜாக், குயின்-பத்து என்று எதை வைத்தும் ஏற்றுவார். ஏஸ்-கிங்கையே பாதிக்குச் சற்று மேல் ஜெயிக்கிற கை இது. இங்கே ஃபோல்ட் செய்வது (கையை விட்டு விலகுவது) பெரிய தவறு. மறுபடி ரெய்ஸ் செய்யலாமா? 2015-இல் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தின் செஃபியஸ் நிரல், இருவர் ஆடும் லிமிட் ஹோல்டெமை ஏறக்குறைய முழுதாகத் தீர்த்தது. பெரிய பிளைண்டில் 3-3, 4-4 போன்ற ஜோடி வந்தால் அது மனிதர்களைவிட அடிக்கடி மறுபடி ஏற்றுகிறது. ஆனால் அது இருவர் ஆட்டம், ரெய்ஸ் செய்பவரின் கைகள் இன்னும் பரவலாக இருக்கும். நிறைந்த மேசையில் நான் கால் செய்வேன். கண்டதற்கெல்லாம் ஏற்றுகிறவர் எதிரே இருந்தால் மட்டும் மறு ரெய்ஸ்.

சின்ன பிளைண்டில் கதை வேறு. அதே 14-க்கு 6 போட வேண்டும், பின்னால் பெரிய பிளைண்ட் காத்திருக்கிறார். நாம் கால் செய்தால் அவருக்கு 20-க்கு 4 என்ற மலிவான விலை, கட்டாயம் வருவார். பிறகு இருவருக்கு எதிரே, ஒவ்வொரு சுற்றிலும் முதலில் பேசிக்கொண்டு, 4-4 ஜோடியோடு உட்கார்ந்திருக்க வேண்டும். நான் அதிகம் இழந்ததே இப்படிக் கால் செய்துதான். 12-க்கு ஏற்றினால் பெரிய பிளைண்ட் பெரும்பாலும் விலகுவார், அவருடைய 4 நடுவிலேயே நிற்கும். பட்டன்காரர் கறாராக ஆடுகிறவர் என்றால் ஃபோல்ட். பட்டன்காரர் மட்டும் ஏற்றியிருக்கும்போது, மறு ரெய்ஸ் அல்லது ஃபோல்ட் என்ற இந்த இரண்டைத் தவிர மூன்றாவது வழி சின்ன பிளைண்டில் வேண்டாம்.

ஃபிளாப்பில் பெரிய சீட்டைப் பார்த்து மிரள்வதும் வீண். 5-5 ஜோடிக்கே நூற்றில் 98 ஃபிளாப்பில் அதைவிடப் பெரிய சீட்டு ஒன்றாவது வரும். கிங்-7-2, மூன்றும் ஸ்பேட், ஹார்ட் என்று வேறு வேறு இனம். பட்டன்காரர் எப்படியும் 4 போடுவார். ஆனால் ஜோடியில்லாத கைக்கு ஃபிளாப்பில் ஜோடி சேர்வது மூன்றில் ஒரு முறைதான். கால் செய்யுங்கள். ஜாக்-10-9, அதில் இரண்டு ஸ்பேட் என்றால் விட்டுவிடுங்கள். இப்போது முந்தி இருந்தாலும் பின்னால் தாண்டிப்போக அவருக்கு ஏகப்பட்ட சீட்டு, நமக்கோ 47-இல் இரண்டு.

கூட்டம் சேர்ந்தால் கணக்கு எளிது. ஒருவர் ரெய்ஸ், மூன்று பேர் கால்: நடுவில் 38. பெரிய பிளைண்டுக்கு 4, அதாவது ஒன்றுக்கு ஒன்பதரை. எட்டரைக்கு ஒரு முறை விழும் செட்டுக்குத் தேவை ஒன்றுக்கு ஏழரை. தாராளமாக உள்ளே வரலாம். சின்ன பிளைண்டில் 6 போட்டால் ஆறேகால் மடங்குதான், ஆனால் செட் விழும்போது இத்தனை பேரிடமிருந்து பின்னால் வருகிற காசு அந்தக் குறையை ஈடுகட்டும். யாரும் ஏற்றாமல் நான்கைந்து பேர் வந்திருந்தால் சின்ன பிளைண்டில் 2 போட்டுவிடுங்கள், பெரிய பிளைண்டில் செக் (எதுவும் போடாமல் தொடர்வது).

சிக்கல் நடுவில்தான்: முன் இருக்கையிலிருந்து ரெய்ஸ், ஒரே ஒரு கால். நடுவில் 22. பெரிய பிளைண்டுக்கு ஐந்தரை மடங்கு. மீட்க வேண்டியது 4-இன் ஏழரை மடங்கான 30, எனவே செட் விழும் அன்று இன்னும் 8 டாலர் கிடைத்தால் சரியாகிவிடும், அது கிடைக்கும். சின்ன பிளைண்டுக்கு 6 போட்டால் மீட்க வேண்டியது 45, இருப்பது 22. பாக்கி 23 டாலரை அந்த இருவரிடமிருந்து ஒவ்வொரு செட்டிலும் கறக்க வேண்டும், செட் விழுந்தும் தோற்கிற கைகளுக்கும் சேர்த்து. அங்கே நான் போட்ட 2 டாலரை விட்டுவிட்டு ஃபோல்ட் செய்கிறேன்.