எங்காலை காசு? ஊர் சுற்றுபவர்களின் கணக்கும் ஊராரின் கண்ணும்

யாழ்ப்பாணத்தில் ஒருவர் இரண்டு மாடி வீடு கட்டினால், "பெடியன் நல்லா வந்திட்டான்" என்பார்கள். மகளின் சாமத்திய வீட்டுக்கு மண்டபம் பிடித்து, ட்ரோன் பறக்கவிட்டு, அல்பத்துக்கு மட்டும் இலட்சக்கணக்கில் கொட்டினாலும், "வடிவாச் செய்தவை" என்றுதான் கதை. அதே ஆள் மனைவி பிள்ளைகளோடு வருசத்தில் இரண்டு தரம் திருச்சிக்கோ நுவரெலியாவுக்கோ போய் வந்தால், ஒழுங்கை முழுக்க ஒரே கேள்வி: "உவைக்கு எங்காலை காசு?"

பயணத்துக்கு இங்கே மரியாதை இல்லாமல் இல்லை. உழைக்கப் போகிற பயணத்துக்கு நிறையவே உண்டு. மலாயாவில் ரயில்வே கிளாக்காக இருந்தவர்களின் பென்சனில் எழும்பிய கல்வீடுகள் இன்னும் நிற்கின்றன. யாழ்ப்பாணத்தை மணியோடர் பொருளாதாரம் என்றே சொன்ன காலமும் இருந்தது. 1983க்குப் பிறகு போனவர்களைப் பற்றி விளக்கவே தேவையில்லை. காசைக் கொண்டுவருகிற பயணம் பெருமை, காசைக் கொண்டுபோகிற பயணம் ஊதாரித்தனம். இந்தக் கணக்கில் வளர்ந்த ஊரில், சும்மா ஊர் பார்க்கப் போகிறவன் சந்தேக நபர்தான்.

அதனால் அந்தக் கேள்வியையே எடுத்துப் பார்ப்போம். பெரிய சம்பளம் இல்லாமல் அடிக்கடி போய் வருகிறவர்கள் எந்தக் காசில் போகிறார்கள்? அதில் எது தேறும், எது கழுத்தை நெரிக்கும்?

சீட்டா, அடைவா?

தையல் மெசினோடு மல்லுக்கட்டிச் சீவிக்கும் ஒரு அக்கா எங்கள் ஒழுங்கையில் இருக்கிறா. வருசம் தவறாமல் தமிழ்நாட்டுக் கோயில்களுக்குப் போய் வருவா. கனடாவில் இருந்து ஆரோ அனுப்பினம் என்பது ஊர்க் கதை. உண்மையில் அது கழிவுச் சீட்டுக் காசு.

சீட்டு இப்படி ஓடும். பத்துப் பேர், ஆளுக்கு மாதம் 10,000 ரூபா, தொகை ஒரு இலட்சம். இரண்டாம் மாதமே காசு தேவைப்படுகிற ஒருவர் 15,000 கழிவு கேட்டு, அதாவது அவ்வளவு குறைத்துத் தந்தாலும் போதும் என்று, எடுக்கிறார் என்று வையுங்கள். அவர் கைக்கு 85,000 வரும். கழிந்த 15,000 பத்துப் பேருக்கும் பிரிவதால், அந்த மாதம் எல்லாரும் 8,500 கட்டினால் போதும். மாதங்கள் போகப் போகக் கழிவு குறையும். கடைசியாக எடுக்கிறவர் முழு இலட்சத்தையும் வாங்குவார், ஆனால் அவர் மொத்தமாகக் கட்டியது ஒரு இலட்சத்துக்குக் குறைவாகவே இருக்கும். முதலில் எடுக்கிறவருக்குச் சீட்டு என்பது கடன், கடைசியில் எடுக்கிறவருக்குச் சேமிப்பு. ஒரே சீட்டுத்தான்.

அக்கா எப்போதும் கடைசிப் பக்கம்தான் எடுப்பா. மற்றவர்கள் கலியாணம், கூரை, பழைய கடன் என்று முதல் மாதங்களிலேயே அடிபட்டு எடுத்துவிடுவார்கள். அவர்கள் விட்ட கழிவில் ஒரு பங்கு அக்காவின் ரிக்கெற்றுக்குள் போகிறது. அவவைப் பார்த்து வயிறெரிகிற ஆட்களில் சிலர் அதே சீட்டில்தான் இருக்கிறார்கள் என்பதை நான் இன்னும் அவர்களிடம் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை.

சீட்டுக்குப் பெரிய ஆபத்து, அதைப் பிடிக்கிற ஆள். ஒழுங்கைக்குள்ளே முகம் தெரிந்த பத்துப் பேர் என்றால் சரி. வட்ஸ்அப்பில் ஆள் சேர்த்து நூறு பேருக்கு ஓடுகிற சீட்டுக்குக் கிட்டவும் போக வேண்டாம். ஆள் தலைமறைவானால் கேட்டுப் போக வீடு வாசல்கூட இருக்காது.

அடைவு, அதாவது நகையை அடகு வைப்பது, இதற்கு நேரெதிர். கடைசியில் எடுக்கிற சீட்டில் முதலில் கட்டிவிட்டுப் பிறகு போகிறோம், அடைவில் போய்வந்துவிட்டுக் கட்டுகிறோம். பவுண் விலை 2 இலட்சத்தைத் தாண்டிய பிறகு இந்த ஆசை இன்னும் கூடிவிட்டது. முன்பு மோட்டார் சைக்கிள் திருத்தக் காணாத சங்கிலி, இப்போது குடும்பத்தையே விமானம் ஏற்றும். வங்கிக்காரர் நகையின் பெறுமதியில் ஒரு பங்கைத்தான் தருவார். வட்டி மட்டும் மாதாமாதம் ஏறிக்கொண்டே இருக்கும், மீட்காவிட்டால் ஏலம். கழுத்தில் கவரிங் சங்கிலியோடு கொடைக்கானலில் நின்று எடுத்த படத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்களுக்கு அந்த அடைவுத் துண்டு தெரியாது.

ஆனாலும் அடைவு எல்லாருக்கும் பிழை என்று சொல்லமாட்டேன். வெங்காயமோ புகையிலையோ செய்கிற வீட்டில் காசு மாதாமாதம் வராது, விளைச்சலோடு மொத்தமாகத்தான் வரும். "வெங்காயம் தூக்கினவுடனை மீட்பன்" என்று கணக்கு வைத்து, தோட்டத்தில் வேலை குறைந்த நாளில் போய் வருகிறவருக்கு அடைவு ஒரு பாலம். மாதச் சம்பளக்காரருக்கு அது பொறி.

கடன் அட்டையைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. 2022 நெருக்கடியில் அதன் வட்டி 30 வீதத்தைத் தாண்டிப் போனதைப் பார்த்தவர்கள், தவணைக்குச் சுற்றுலா என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். நுண்கடன் அதைவிட மோசம். போருக்குப் பிறகு கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நின்ற அந்தக் கடன் வடக்குப் பெண்களை என்ன பாடு படுத்தியது என்று எங்களுக்குத் தெரியும்.

மாமாவின் வான்

வெளியில் இருந்து பார்க்கச் செலவே இல்லாத வழி இது. ஆவணியில் நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளுக்குள் லண்டன் மாமா குடும்பமாக வந்து இறங்குவார். ஒரு வான் பிடிப்பார். திருகோணமலை, கண்டி, கதிர்காமம் என்று ஒரு சுற்று. காசு முழுக்க அவருடையது.

விலை வேறு விதத்தில் வரும். அவர் நேரத்துக்கு எழும்ப வேண்டும், அவர் பிள்ளைகள் சாப்பிடுகிற இடத்தில் சாப்பிட வேண்டும், தண்ணீர்ப் போத்தல் பெட்டி முதல் சூட்கேஸ் வரை நாங்கள்தான் தூக்க வேண்டும். சிகிரியாவில் ஏறக் கால் துடித்தாலும், "வெயில், வேண்டாம்" என்று மாமி சொன்னால் வான் திரும்பிவிடும். பிறகு பத்து வருசத்துக்கு, "நாங்கள்தானே உங்களைக் கூட்டிக்கொண்டு போனனாங்கள்" என்பதைக் கேட்க வேண்டும். எரிச்சலும் இந்த வகையில்தான் அதிகம், அதுவும் வீட்டுக்குள்ளேயே. வானில் இருக்கைக்குக் கணக்கு உண்டு. மூத்த தங்கச்சி குடும்பம் ஏறி, இளைய தங்கச்சி குடும்பம் விடுபட்டால், அந்தக் கதை அடுத்த செத்தவீட்டில்தான் வெடிக்கும்.

இதைவிடக் கெட்டிக்காரத்தனமான வழி ஒன்று உண்டு: ஆள் சேர்ப்பது. ஒரு பஸ்ஸுக்கோ யாத்திரைக் குழுவுக்கோ ஆட்களைத் திரட்டி, காசு வாங்கி, பெயர்ப் பட்டியல் எழுதிக் கொடுத்தால், திரட்டியவருக்கு ஒரு இருக்கை சும்மா கிடைக்கும். நான் கண்ட அடிக்கடிப் பயணிகளில் பலர் இந்த ரகம். இளைப்பாறிய ஆசிரியர்கள் இதில் மன்னர்கள். காசு போடாவிட்டாலும் உழைப்பைப் போடுகிறார்கள். ஆர் யன்னலோரம், ஆருக்குச் சத்தி வரும், ஆர் விரதம் என்று எல்லாம் தலைக்குள் வைத்திருக்க வேண்டும். அரச உத்தியோகத்தருக்குச் சும்மா போய்வர ரயில் வொறன்ட் இருக்கிறது. அதை முழுதாகப் பாவிக்காமல் விடுகிறவர்கள்தான், பாவிக்கிறவர்களைப் பார்த்துக் "குடுத்து வைச்சவை" என்கிறார்கள்.

பொறாமை எதை எண்ணுவதில்லை

பொறாமைக்காரர் படத்தை எண்ணுவார், படத்தில் இல்லாததை எண்ணமாட்டார். தையல் அக்காவின் வீட்டுக்கு முன்னால் இன்னும் கிடுகு வேலிதான். ஒழுங்கையில் மற்ற வீடுகள் எல்லாம் மதில் கட்டி, அதற்கு மேலே கம்பிப் பூ வேலையும் செய்து முடித்துவிட்டன. ஒரு மதிலின் செலவில் அவ எத்தனையோ தரம் போய் வந்திருப்பா. மதிலைப் பார்த்து ஒருத்தரும், "எங்காலை காசு" என்று கேட்டதில்லை, அதுவும் கடனில் கட்டியதாக இருக்கலாம். பயணத்தை எங்கள் சம்பளத்தோடு ஒப்பிடுகிறோம். ஒப்பிட வேண்டியது எங்கள் மதிலோடு.

எல்லாவற்றையும் இப்படி விளக்கி முடித்துவிட முடியாது என்பதும் எனக்குத் தெரியும். நாட்கூலிக்குப் போகிறவருக்குச் சேமிக்க மதிலும் இல்லை. இரண்டு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அந்த இரண்டு நாள் கூலியும் போச்சு, அதற்கு மேலே பஸ் காசு. அவருடைய பெருமூச்சைப் பொறாமை என்று பெயர் வைத்து ஒதுக்குவது அநியாயம். நோயாளித் தாயை விட்டு ஒரு இரவு வெளியே தங்க முடியாத மகளுக்கும் இதே நியாயம்தான்.

இப்போது பலர் திரும்பி வந்த பிறகுதான் ஸ்டேட்டஸ் போடுகிறார்கள், அதையும் சில சொந்தக்காரருக்கு மறைத்து. வந்திறங்கியதும் உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றி நாவூறு கழிக்கிற வீடுகளும் உண்டு. ஒரே ஒரு பயணத்துக்குத்தான் நாவூறு இல்லை. செல்வச்சந்நிதியில் தொடங்கி, கிழக்குக் கரை வழியாக, உகந்தையும் யால காடும் தாண்டிக் கதிர்காமத்துக்கு நடந்து போகிற பாதயாத்திரை. கிழமைக்கணக்காக வீட்டை விட்டு வெளியே, இலங்கையின் பாதிக் கரையைக் காலால் அளக்கிறார்கள், வழியில் அன்னதானம், படுக்கை கோயில் மண்டபம். இந்தத் தீவில் இதைவிட நீண்ட, மலிவான பயணம் கிடையாது. ஆனால் கால் கொப்பளித்துத் திரும்பி வந்தவரிடம், "எங்காலை காசு" என்று ஆரும் கேட்பதில்லை. அவர் பட்ட கஷ்டம் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் மன்னிப்பு.

பறப்பதா, மிதப்பதா, கட்டுநாயக்கா போவதா?

தமிழ்நாட்டுக்குப் போக இன்று எங்களுக்கு மூன்று வழி. நாவலர் 1864இல் சிதம்பரத்தில் பள்ளிக்கூடம் தொடங்கிய காலத்தில் இந்தக் கடல் எங்களுக்குப் பின் ஒழுங்கை மாதிரித்தான் இருந்தது. இடையில் எல்லாம் கொழும்பு சுற்றிப் போகிறதாகிவிட்டது.

பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமானது. கொரோனாவில் நின்ற சென்னைச் சேவை 2022 டிசம்பரில் திரும்பி வந்தது. 2024 செப்ரெம்பரில் இன்டிகோ சென்னையில் இருந்தும், 2025 மார்ச் கடைசியில் திருச்சியில் இருந்தும் பறக்கத் தொடங்கியது. சென்னைக்கு ஒன்றேகால் மணித்தியாலம். சின்ன விமானம், எழுபதுச் சொச்சம் இருக்கை. பள்ளிக்கூட விடுமுறை வந்தால் விலை கூரைக்குப் போய்விடும். முன்கூட்டியே நாள் குறிக்கக்கூடியவருக்குத்தான் பலாலி மலிவு.

கப்பலைப் பற்றிச் சனத்துக்கு ஆசை அதிகம், நம்பிக்கை குறைவு. நாகபட்டினம் - காங்கேசன்துறைச் சேவை 2023 ஒக்டோபர் 14இல் ஆரவாரமாகத் தொடங்கியது, ஒரு வழிக்கு அப்போது 7,670 இந்திய ரூபா. சில நாளிலேயே கடல் கொந்தளிப்பைச் சொல்லி நிறுத்தினார்கள். 2024 ஓகஸ்டில் சிவகங்கை என்ற கப்பலோடு மறுபடி ஓடி, மாரியில் நின்று, 2025 பெப்ரவரியில் திரும்ப வந்தது. கடலில் ஏறக்குறைய நாலு மணித்தியாலம். ஆனால் இறங்குகிற இடத்தைப் பாருங்கள்: வேளாங்கண்ணியும் நாகூரும் கைக்கெட்டும் தூரம், சிதம்பரமும் தஞ்சாவூரும் பஸ் தூரம். கோயில் பார்க்கப் போகிறவருக்குச் சென்னையில் இறங்கித் திரும்பத் தெற்கே வருகிற செலவு மிச்சம்.

கட்டுநாயக்கா வழியில் விமான ரிக்கெற் சில வேளை குறைவாகத் தெரியும். அந்த விலையோடு போக ஒரு இரவு பஸ், வர ஒரு இரவு பஸ், நேரம் ஒத்துவராவிட்டால் வெள்ளவத்தையில் லொட்ஜ், வழிச் சாப்பாடு எல்லாவற்றையும் நாலு பேருக்குக் கூட்டிப் பாருங்கள். புத்தளம் பாதையால் வருகிற பஸ் என்றால் விமான நிலையச் சந்தியில் இறங்கிவிடலாம், கொழும்புக்குள் போக வேண்டியதில்லை. தாய்லாந்து, சிங்கப்பூர், மாலைதீவு என்று விசாத் தொல்லை குறைந்த நாடுகளுக்குப் போகிறவருக்கு வேறு வழியும் இல்லை. விசா விதி அடிக்கடி மாறும், ரிக்கெற் எடுக்க முதல் ஒருக்காப் பாருங்கோ.

கொழும்பு மட்டும் போவதென்றால் யாழ்தேவியின் மூன்றாம் வகுப்பை வெல்ல ஒன்றுமில்லை. பகல் முழுக்க இருந்து போக வேண்டும், அவ்வளவுதான். ஆசனப் பதிவு முப்பது நாளுக்கு முதல் திறக்கும், தைப்பொங்கல், சித்திரை நாட்களில் திறந்த வேகத்திலேயே முடிந்துவிடும். தண்டவாளத் திருத்தத்துக்காக 2023இலும் 2024இலும் பாதை மாதக்கணக்கில் மூடியபோது, இரவுப் பஸ்தான் எல்லாரையும் காப்பாற்றியது. வேலை நாளைக் கெடுக்காமல் போய் வர இன்றும் பஸ்தான்.

என் தெரிவைக் கேட்டால், கடைசிக் கைச் சீட்டும் பங்குனி, சித்திரைக் கப்பலும். ஐப்பசிக்குப் பிறகு போகிறவர்கள் கப்பலை நம்பி விசாவுக்குக் கட்ட வேண்டாம். வாடைக்காற்று தொடங்கினால் அது எந்த நேரத்திலும் நின்றுவிடலாம். திருச்சி ரிக்கெற்றை ஆவணியிலேயே எடுத்து வையுங்கோ.