"1984 முதல் நடத்திய கடையை மூடுகிறோம்" என்று வந்த புளூநோஸ் பெட்டி

போன செப்டெம்பரில் இணையத்தில் 187 கனேடிய டொலருக்கு ஒரு புளூநோஸ் கப்பல் கிட் வாங்கினேன், வெட்டிய மரத்துண்டுகளைச் சேர்த்து நாமே மாதிரிக் கப்பல் கட்டுகிற பெட்டி. வந்தது களவுப் பிரதி. அதுவும் கட்ட முடியாத களவுப் பிரதி. 46 டொலர் 75 சதம் மட்டும் திரும்பி வந்தது, மிச்சம் போனது போனதுதான். குளிர்காலத்தில் பொழுதுபோக மரக்கப்பல் கட்டலாம் என்று மலிவாகக் கிட் தேடுகிறவர்கள் நம்மவர்களிலும் கூடிவருகிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

புளூநோஸைத் தெரியாதவர்கள் ஒரு கனேடியப் பத்துச் சதக் குற்றியைத் திருப்பிப் பாருங்கள். 1937 முதல் அதில் பாய் விரித்து நிற்பது ஸ்கூனர் வகைப் பாய்க்கப்பலான இதுதான். நோவா ஸ்கோஷியாவில் லூனன்பேர்க் என்ற ஊரில் 1921 இல் கடலில் இறக்கினார்கள். பிறப்பு மீன்பிடிக் கப்பலாக. பெயர் எடுத்தது அமெரிக்கக் கப்பல்களைப் பந்தயத்தில் தோற்கடித்து. இரண்டு பாய்மரம், 143 அடி நீளம். கட்டுகிறவர்களுக்கு நல்ல கப்பல். வரிசையாகப் பீரங்கி பொருத்தும் வேலை இல்லை, கயிற்று வேலையும் அளவோடுதான். உடலின் வளைவு மட்டும் ஆளைப் பிழிந்தெடுக்கும்.

எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அம்மாவின் ஊர் வல்வெட்டித்துறை. அங்கே கட்டிய அன்னபூரணி அம்மாள் என்ற பாய்க்கப்பலை ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்க, ஊர் மாலுமிகளே அதை ஓட்டிப்போய் 1938 ஆகஸ்டில் மசாசுசெட்ஸ் மாநிலத்துக் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்த கதை எங்கள் வீட்டில் சோற்றுக் கோப்பையோடு வரும் கதை. அதே வருடம் ஒக்டோபரில் அதே கரையோரத்தில்தான் புளூநோஸ் தன் கடைசிப் பந்தயத் தொடரை ஓடி வென்றது. இரண்டையும் ஒரே மேசையில் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று ஒரு பைத்தியம் எனக்கு. அன்னபூரணிக்குக் கிட் கிடையாது, எல்லாவற்றையும் நானே வெட்டித்தான் கட்டவேண்டும். அதற்கு முன் கை பழக ஒரு ஸ்கூனர் கட்டிப் பார்ப்போம் என்று தொடங்கினேன்.

நல்ல புளூநோஸ் கிட்டுக்கு வரி, தபாற்செலவோடு 300, 400 டொலர் என்று வரும். மனம் வராமல் மாதக்கணக்காக விலை பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பார்த்தது தொலைபேசிக்குத் தெரிந்துவிட்டது போல, ஒரு இரவு விளம்பரம் வந்தது. லூனன்பேர்க்கிலேயே 1984 முதல் மாதிரிக் கப்பல் விற்றுவந்த கணவனும் மனைவியும் ஓய்வு பெறுகிறார்களாம். கடையை மூடுகிறார்களாம். 467 டொலரைக் கோடு போட்டு வெட்டிப் பக்கத்தில் 187. படத்தில் நரைத்த தாடிக்காரர் ஒருவர், கையில் உளி. பக்கத்தில் ஏப்ரன் கட்டிய அம்மா. பின்னால் ஜன்னலில் கடல். அந்த மனிதர் உளியைக் கூர்ப்பக்கத்தில் பிடித்திருந்தார். நான் கவனிக்கவில்லை. மூன்று மாதம் கழித்து மகள்தான் காட்டினாள். "அப்பா, இது கணினி கீறின ஆள்" என்றாள்.

வயதான இருவர் கஷ்டப்பட்டு நடத்திய கடை, நம்மால் ஆன உதவி என்ற இளகல் வேறு. மலிவாகக் கிடைக்கிறது என்ற ஆசைக்கு நாங்களே போர்த்திவிடுகிற நல்ல போர்வை அது.

பத்து நாளில் வரும் என்றார்கள், 36 நாள் எடுத்தது. பெட்டியில் லூனன்பேர்க் என்ற சொல்லே இல்லை. சீனாவிலிருந்து வந்ததாக ஒரு ஒட்டுச்சீட்டு, அதில் ‘மர விளையாட்டுப் பொருள், பெறுமதி 18 டொலர்’ என்று சுங்க விபரம். அன்றைக்கே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். ‘எங்கே வெட்டினால் என்ன, மரம் மரந்தானே’ என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு, திறக்காமல் பேஸ்மென்டில் வைத்துவிட்டேன். நத்தார் விடுமுறைக்குத் திறக்கலாம் என்று நினைப்பு. இந்த முழு விவகாரத்தில் நான் செய்த முதற் பெரிய பிழை அதுதான்.

டிசம்பர் 27 அன்று சாப்பாட்டு மேசையில் பெட்டியைத் திறந்தோம். ஸ்காபரோவில் இருக்கும் பெரியப்பாவும் வந்திருந்தார். வல்வெட்டித்துறையில் கப்பல் கட்டுகிற கொட்டிலுக்குள் ஓடி விளையாடி வளர்ந்தவர். என்னைப் போல பலகைக்கு ஆங்கிலப் பெயர் சொல்லமாட்டார். அடியில் ஓடுகிற நடுப்பலகை அவருக்கு ஏரா, அதில் குறுக்கே நிற்கிற சட்டங்கள் வங்கு, முன்பக்கம் அணியம். ஏராவை எடுத்து, ஒரு கண்ணை மூடி, துவக்குப் பிடிக்கிற மாதிரி நீட்டிப் பார்த்தார்.

"தம்பி, ஏரா நெளிஞ்சு கிடக்கு."

மேசைக் கண்ணாடியில் படுக்கவைத்தோம். இரண்டு முனையும் கண்ணாடியைத் தொட, நடுவில் 4 மில்லிமீற்றர் இடைவெளி. நியாயமாகச் சொன்னால் நெளிவு நல்ல கிட்டிலும் வரும். ஒட்டுப்பலகை ஈரம் குடித்தால் திரும்பத்தான் செய்யும். நனைத்து, பாரம் ஏற்றி, இரண்டு நாள் விட்டால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். அதனால் நான் பதறவில்லை. ஒரு வங்கை எடுத்து ஏராவின் வெட்டில் இறக்கிப் பார்த்தேன். இறங்கவில்லை. அடுத்தது, அதற்கடுத்தது. ஒன்றும் இறங்கவில்லை. லேசர் எரித்த கரியைச் சுரண்டிப் பார்த்தும் பயனில்லை.

நுண்ணிய அளவு பார்க்கும் வேர்னியரை எடுத்து அளந்தேன். பலகைத் தடிப்பு சரியாக 5 மில்லிமீற்றர். அது இறங்கவேண்டிய வெட்டின் அகலம் 4.4. ஒன்று இரண்டு இடத்தில் என்றால் வெட்டிய பிழை எனலாம். எல்லா வெட்டும் 4.4.

பெட்டியில் 1:64 என்று அச்சிட்டிருந்தது, அதாவது நிசக் கப்பலின் 64 இல் ஒரு பங்கு. 143 அடி என்றால் 43.6 மீற்றர். அதை 64 ஆல் பிரித்தால் 68 சென்ரிமீற்றர் வரவேண்டும். அணியத்திலிருந்து பின்முனைவரை துண்டுகளைச் சேர்த்து வைத்து அளந்தேன். அறுபதரை. 43.6 மீற்றரை 72 ஆல் பிரித்துப் பாருங்கள், அந்த அறுபதரைதான் வரும்.

அப்போதுதான் முழுக்களவும் விளங்கியது. யாரோ ஒழுங்காக 1:64 இல் வரைந்து, 5 மில்லிமீற்றர் பலகைக்கு 5 மில்லிமீற்றர் வெட்டு வைத்த கிட்டை இவர்கள் படம் எடுத்து, மரச் செலவைக் குறைக்க 1:72 க்குச் சுருக்கி வெட்டியிருக்கிறார்கள். படத்தைச் சுருக்கினால் வெட்டும் சேர்ந்து சுருங்கும். 5 என்பது 4.44 ஆகும். பலகை மட்டும் கடையில் வாங்கிய அதே 5. வெட்டிய ஆள் ஒரு தடவையாவது இரண்டு துண்டைப் பொருத்திப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. கட்டுவதற்கென்று செய்த சாமானே இல்லை அது, விற்பதற்கென்று செய்தது.

வரைபடத்தை விரித்தோம். வலது கீழ்மூலையில், செய்தவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளைக் கட்டம். வெளிச்சத்துக்குப் பிடித்தால் கட்டத்தின் ஓரத்தில் பாதி எழுத்து ஒன்று அழிபடாமல் நிற்கிறது. சிறிய தாளில் சுருக்கி அச்சடித்ததில் அளவு எண்கள் எறும்பு ஊர்ந்த மாதிரி.

உடலுக்கு ஒட்டும் நீட்டுப் பலகைகளும் அப்படித்தான். 5 மில்லிமீற்றர் அகலம் என்று சொன்னதில் 4.2 உம் உண்டு, 5.1 உம் உண்டு. சுடுதண்ணீரில் 20 நிமிடம் ஊறவைத்து வளைத்துப் பார்த்தேன், நாரோடு பிளந்தது. உலோகத் துண்டுகள்தான் எனக்குக் கூடுதலான பயம். நங்கூரம், சில்லறைச் சாமான், தளத்தில் அடுக்குகிற குட்டித் தோணிகள் எல்லாம் கையில் பாரமாக, நகத்தால் கீறினால் கோடு விழும் மென்மையோடு இருந்தன. வெள்ளைத் தாளில் இழுத்துப் பார்த்தேன், பென்சில் போல சாம்பல் கோடு விழுந்தது. ஈயம் அப்படித்தான் கோடு போடும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அதைத் தேய்த்துத் தூள் பறக்க விடக்கூடாது. கட்டி முடித்துக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளே வைத்தாலும் மரத்திலிருந்து வரும் அமில ஆவி பட்டு ஈயம் வெள்ளையாய்ப் பூத்து உதிரும். எத்தனையோ பழைய மாதிரிக் கப்பல்கள் அப்படிக் கெட்டிருக்கின்றன.

அன்றிரவே விற்றவர்களுக்கு மின்னஞ்சல் போட்டேன். மறுநாள் ‘அன்பு நண்பரே’ என்று பதில். சாமானை வைத்துக்கொள்ளுங்கள், 15 வீதம் திருப்பித் தருகிறோம் என்றார்கள். நான் படங்களும் அளவுகளும் அனுப்பினேன். ‘யாராவது பிள்ளைக்குப் பரிசாகக் கொடுங்கள், 20 வீதம்’ என்றார்கள். முழுக்காசும் வேண்டும் என்றேன். அப்படியானால் சீனாவுக்கு உங்கள் செலவில் திருப்பி அனுப்புங்கள் என்றார்கள். விசாரித்தேன், பதிவுத் தபாலில் 90 டொலருக்கு மேல். ஒவ்வொரு பதிலுக்கும் ஐந்தாறு நாள். இப்படியே ஜனவரி முடிந்தது. கடைசியில் 25 வீதம் என்று ஒரு பொத்தானோடு மின்னஞ்சல் வந்தது. அலுத்துப்போய் அழுத்திவிட்டேன். ‘இதையாவது வாங்கிக்கொண்டு மிச்சத்துக்கு வங்கியிடம் போவோம்’ என்று என் கணக்கு.

பெப்ரவரி முதல் கிழமை வங்கிக்கு எடுத்துக் கதைத்தேன். நல்லாகத்தான் கேட்டார்கள். கடனட்டையில் சார்ஜ்பேக், அதாவது கொடுத்த காசை வங்கி மூலம் திரும்பப் பெறுவது, கேட்கப் பொதுவாக 120 நாள் தவணை உண்டு, எனக்கு இன்னும் சில நாள் இருந்தது. மிச்சக் காசைத் தற்காலிகமாகக் கணக்கில் போட்டும் விட்டார்கள். வீட்டில் பெருமையாகச் சொன்னேன். ஐந்து கிழமை கழித்து அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு ஒரு கடிதம் வந்தது. நான் அழுத்திய பொத்தானுக்குக் கீழே சின்ன எழுத்தில் ‘இதோடு பிரச்சினை முழுமையாகத் தீர்ந்தது என ஏற்கிறேன்’ என்று இருந்ததாம். விற்றவர்கள் அதை வடிவாக அச்செடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அன்பு நண்பர்கள் அந்த வேலையில் மட்டும் ஐந்து நாள் எடுக்கவில்லை.

இதற்கிடையில் உதவி கேட்டு ஒரு மாதிரிக் கப்பல் சங்கத்துக்குப் போனேன். முதற் கேள்வியே ‘எந்தக் கம்பனிக் கிட்’ என்பதுதான். பதில் சொல்ல முடியவில்லை. மரியாதையாகவே சொன்னார்கள், களவுப் பிரதிகளுக்கு இங்கே வழி சொல்வதில்லை என்று. முதலில் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். ஒரு கிட்டை வரைந்து, கட்டிப் பார்த்து, பிழை திருத்தி வெளியிட ஆட்களுக்கு வருடக்கணக்காகும். அப்படிச் செய்கிறவர்கள் ஒரு துண்டு குறைந்தாலோ நெளிந்தாலோ எழுதிக்கேட்டால் பெரும்பாலும் புதிதாக அனுப்பிவிடுவார்கள். என்னிடம் எழுதிக்கேட்க ஒரு முகவரி இல்லை.

கடையைப் பற்றிப் பிறகு தேடிப் பார்த்தது மகள். இணையத்தளத்தின் பெயர் எப்போது பதிவானது என்பதை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். 1984 முதல் நடக்கிற கடையின் தளம் போன ஜூனில் பதிவாகியிருந்தது. தொலைபேசி இலக்கம் இல்லை, தெரு முகவரி இல்லை. படத்தைத் தேடலில் போட்டால், அதே தாடிக்காரரும் அதே அம்மாவும் அயர்லாந்தில் கம்பளிச் சட்டைக் கடையை மூடுகிறார்கள். அவுஸ்திரேலியாவில் தோல்பைக் கடையையும் மூடுகிறார்கள். பாவம், ஓய்வு பெறவே விடமாட்டேன் என்கிறார்கள்.

இனி எந்தக் கிட் வாங்கினாலும் முதலில் செய்தவர் பெயர் பெட்டியில் இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் அவர்களின் தளத்துக்கே போய், இந்தக் கடை அவர்களின் முகவரா என்று கேட்பேன். இரண்டு வரி மின்னஞ்சல் போதும். பெட்டி வந்த அன்றே திறந்து, ஏராவைக் கண்ணாடியில் வைத்து, இரண்டு வங்கைப் பொருத்தி, நிசக் கப்பலின் நீளத்தைப் பிரித்துப் பார்ப்பேன். அரை மணிநேர வேலை. பிழை என்றால் விற்றவருக்கு ஒரே ஒரு கடிதம், ஒரு கிழமை தவணை, அப்புறம் நேரே வங்கி. இடையில் எந்தப் பொத்தானையும் அழுத்துவதில்லை.

சரி, அந்தச் சாமான் என்ன ஆனது என்று கேட்பீர்கள். வெட்டுகளை அரத்தால் அகலமாக்கிக் கட்டிப் பார்க்கலாம் என்று பெரியப்பா ஒரு ஞாயிறு முழுக்கக் குந்தியிருந்தார். ஒன்பது வங்கு ஏறியது. பத்தாவதில் ஏரா வெட்டுவாயோடு முறிந்தது. உள்ளே பார்த்தால் ஒட்டுப்பலகையின் நடு அடுக்கில் மரமே இல்லை, வெறும் பொந்து. "கொட்டிலிலை இப்பிடி ஒரு பலகை வந்திருந்தா மேத்திரி எறிஞ்சிருப்பார்" என்றார்.

இப்போது அந்த இரண்டு பாதி ஏராவும் ஸ்காபரோவில் அவருடைய வீட்டுக் கோடியில் நிற்கின்றன. ஒன்றில் தக்காளி படர்ந்திருக்கிறது. மற்றதில் பயற்றை ஏறப் பார்க்கிறது, அது கொஞ்சம் நெளிவுதான்.